பூவரச நிழல்

நம் கோவில் முற்றத்தில் முன்பு இரண்டு பூவரச மரங்கள் நின்றன. 2019-இல் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள இப்பங்கின் பொறுப்பை ஏற்று வந்தோம். மறு ஆண்டே அவற்றை வெட்டச் சொன்னோம். திருவிழாத் தேர் திரும்ப இடம் போதவில்லை என்று பங்குப் பேரவையில் சிலர் சொன்னார்கள். பழுப்பும் காயும் உதிர்ந்து முற்றம் குப்பையாகிறது என்று நாமும் சேர்ந்து சொன்னோம். ஒரு வாரத்தில் மரங்கள் போயின. அவ்விடத்தில் சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் வண்ண ஓடு பதித்தோம். முற்றம் விசாலமாயிற்று என்று வந்தவரெல்லாம் பாராட்டினார்கள். மகிழ்ந்தோம்.

மகிழாதவர் ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்த மூதாட்டி. படகுகள் கரை சேர்ந்ததும் இறாலையும் நண்டையும் மடவையையும் ஏலத்தில் எடுத்து வந்து, அம்மர நிழலில் கூடையை இறக்கி வகை பிரிப்பது அவர் வழக்கம். மரம் போன பிறகு அவர் நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கோவிலின் மேற்குச் சுவரோரம் போய் அமர்ந்தார். காலைப் பொழுதில் அங்கே நிழல் அகலமாக இருக்கும். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும்; அவரும் சுவரை ஒட்டி ஒட்டி நகர்வார். உச்சிவேளையில் நிழல் ஒரு சாண் ஆகிவிடும். அப்போது எழுந்து போய்விடுவார். அறைவீட்டுச் சன்னலிலிருந்து இதைப் பல நாள் பார்த்திருக்கிறோம். பார்த்தும் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏரியைப் பற்றி அறியாத அன்பர்களுக்குச் சில செய்திகள். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் தமிழகத்தையும் ஆந்திரத்தையும் தழுவிக் கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. போர்த்துக்கீசியர் வந்தார்கள், அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இன்றும் நிற்கின்றன. வெளிநாட்டார் அவற்றைப் படம் எடுத்துப் போவார்கள். நம் மக்களுக்கோ ஏரி என்றால் முகத்துவாரம். கடல்நீர் உள்ளே வரும் அவ்வாயிலை மணல் அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போகாது, கடல் மீனும் ஏரிக்குள் வராது. கோடையில் நீர் வற்றி உப்பு ஏறிவிட்டால் இறாலும் குறையும். அப்படி வருமானம் குறைந்த ஒரு காலத்தில்தான் அம்மூதாட்டியின் மகன் நம்மிடம் யோசனை கேட்டு வந்தான்.

"பட்டணத்துக்குப் போய்விடலாமா என்று பார்க்கிறேன், ஃபாதர்" என்றான். துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் சரக்குக் கட்டும் வேலை, மாதச் சம்பளம், பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி அருகிலேயே. போ என்றோம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தோம். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வடசென்னையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்குக் குடியேறினார்கள். கிழவியும் உடன் போனார். மேற்குச் சுவரோரம் வெறுமையாயிற்று.

2023-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கண் மருத்துவத்துக்காகச் சென்னை சென்ற நாம், மாலையில் அவ்வீட்டைத் தேடிப் போனோம். வாசலிலேயே "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டு நின்றார் மூதாட்டி. ஏரிக்கரையில் கண்ட உடம்பில் பாதிதான் இருந்தது. இரவு தங்கிப் போக வேண்டும் என்று எல்லாரும் வற்புறுத்தினார்கள், தங்கினோம். ஒரே அறை, சமையலுக்கு ஒரு மூலை. கழிப்பிடம் நடைபாதையின் கோடியில், நான்கு குடும்பங்களுக்குப் பொது. நமக்குக் கட்டிலைத் தந்துவிட்டு அவர்கள் தரையில் படுத்தார்கள்.

நள்ளிரவு வரை உறக்கம் வரவில்லை. மின்விசிறி சுழன்றது, ஆனால் அது அறையின் சூட்டையே நம்மேல் வீசிற்று. மூதாட்டியும் விழித்திருந்தார். இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது: "செவுத்தத் தொட்டுப் பாருங்க சாமி."

தொட்டோம். ஆறின தோசைக்கல்லில் எஞ்சியிருக்கும் சூடு எப்படியோ அப்படி இருந்தது சுவர். சூரியன் மறைந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"ராவெல்லாம் இப்படித்தான் சாமி. ஏரிக்கரையில இந்நேரம் காத்து வந்துரும். இங்க விடியக்காலம் மூணு மணிக்குத்தான் கண்ண மூட முடியுது. அப்புறம் தண்ணி லாரிக்கு எந்திரிக்கணும்."

கல்லும் சிமெண்டும் தாரும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்குகின்றன. மண்ணிலும் மரத்திலும் விழும் வெயிலில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிப் போகும். நீரற்ற தளத்தில் விழும் வெயிலுக்கு அந்தச் செலவு இல்லை, முழுதும் சூடாகவே தங்கிவிடும். நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்கிடையே காற்றும் தடைபடும். பணமுள்ளவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி உள்ளேயிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும்போது, வெளியே இருப்பது பணமில்லாதவர் வீட்டுச் சன்னல். நாட்டுப்புறத்தைவிட நகரம் இரவில் சூடாக இருப்பதை இலண்டனில் லூக் ஹோவர்டு என்பவர் 1818-இலேயே அளந்து நூலாக எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அறிந்த உண்மை நமக்கு அன்றிரவு கை விரல்களின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

மூதாட்டியின் பழைய வீடு பனையோலை வேய்ந்த குடிசை. அதைப் புகழ்ந்து பாட நாம் விரும்பவில்லை. புயலில் பறக்கும், மழையில் ஒழுகும், ஒரு தீப்பொறி போதும். 2004 டிசம்பர் 26-இல் கடல் எழுந்து வந்த பிறகு கரையோர மக்கள் காங்கிரீட்டு வீடு கேட்டதும், அரசும் அறநிறுவனங்களும் கட்டிக் கொடுத்ததும் நியாயமே. ஆயினும் ஓலைக்கு ஒரு குணம் உண்டு: வெயிலை உள்ளே விடாது, பெற்றதைச் சேர்த்தும் வைக்காது. அந்தக் குணத்தை ஈடுசெய்ய எதையும் செய்யாமல் வெறும் காங்கிரீட்டுப் பலகையைத் தலைக்கு மேல் வைத்தோம். வசதி குறைந்த இடத்தில் அதுவும் இல்லை. கல்நார்த் தகடு, தகரம். செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்தரமும் கொண்ட பழைய மதராசு மாடிக்கூரையைக் கட்டியவர்களுக்கும், மேல்தளத்தில் தட்டோடு பதித்தவர்களுக்கும் இவ்வூர் வெயிலைப் பற்றி ஏதோ தெரிந்திருந்தது.

மே மாதத்தின் மூன்றாம் வாரம், கத்திரி வெயிலின் நடுவில், தொலைபேசி வந்தது. மூதாட்டி இறந்துவிட்டார். உடலை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அடக்கப் பூசையில் மறையுரை ஆற்றினோம். நிறைவாழ்வு வாழ்ந்தவர், பழுத்த கனி காம்பை விட்டு உதிர்வதுபோல ஆண்டவரின் கையில் விழுந்தார் என்றோம். முதியோர் இறப்பில் நாம் பலமுறை சொன்ன உவமை அது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மருமகள் நம் அருகே வந்தாள். அழுது ஓய்ந்த முகம். குரலில் கோபம்கூட இல்லை.

"பழுத்து உதிரல ஃபாதர். வெந்து போச்சு."

இவ்வொரு சொல்லுக்குப் பிறகுதான் நாம் கேட்கத் தொடங்கினோம். முப்பதாம் நாள் பூசைக்கு அவர்கள் வந்தபோது உட்கார வைத்து, நடந்ததை ஒன்றொன்றாகக் கேட்டறிந்தோம். பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக்கே அனுப்பியிருந்தார்கள். பாட்டியையும் அழைத்தார்களாம். போனால் தண்ணீர் லாரி வரும் வேளையில் குடம் பிடிக்க ஆள் இல்லை என்று அவர் இருந்துவிட்டார். மகன் காலை எட்டுமணிக்குக் கிடங்குக்குப் போய்விடுவான். மருமகள் இரண்டு வீடுகளில் வேலை செய்து மாலையில்தான் திரும்புவாள். பகலெல்லாம் மேல்மாடி அறையில் கிழவி தனியே. முன்பு ஒருமுறை எவனோ சன்னல் வழியே கைவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் போனதால் சன்னலைச் சாத்தியே வைப்பார்கள். கழிப்பிடம் போக நடைபாதையில் ஆண்கள் உட்கார்ந்திருக்கக் கூச்சம். ஆதலால் தண்ணீரைக் குறைத்துக் குடித்தார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வேறு. அதில் ஒருவகை உடல்நீரை வெளியேற்றுவது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மாலை மருமகள் கதவைத் திறந்தபோது, உடம்பு தொட முடியாத சூடாய் இருந்தது. ஏரிக்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு யாரையோ கூடை தூக்கி விடச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மருத்துவமனைக்குப் போகும் வழியில் பேச்சு நின்றது.

இறப்புச் சான்றிதழில் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறது. பொய் என்று சொல்ல மாட்டோம். உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற முயலும்போது இரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டும். இதயம் பல மடங்கு உழைக்கும். நீர் குறைந்தால் இரத்தமும் குறையும். முதிய இதயம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்றது இதயம்தான். நிறுத்தியது எது என்ற கேள்விக்கு அப்படிவத்தில் இடம் கிடைக்கவில்லை. வெயிலால் இறப்போர் எண்ணிக்கை எந்நாட்டிலும் குறைவாகவே பதிவாவதற்கு இதுவே முதற்காரணம். ஆகவே அறிந்தவர்கள் வேறு வழியில் கணக்கிடுகிறார்கள்: அதே மாதத்தில் வழக்கமாக எத்தனைபேர் இறப்பர், இம்முறை எத்தனைபேர் இறந்தனர், வேறுபாடு என்ன? 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 பாகை வரை ஏறியது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்துக்கு மேலாக 1,344 பேர் அந்நகரில் இறந்திருந்தனர் என்று பின்னர் ஆய்வு செய்தோர் கண்டனர். அவர்களுள் பெரும்பாலோருக்கும் சான்றிதழில் வேறு ஏதோ காரணம்தான் இருந்திருக்கும். அதன் விளைவாக 2013-இல் அந்நகரம் வெப்பத்துக்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. அங்கே ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளின் கூடம் மேல்மாடியில் இருந்ததைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் நோயுறும் சிசுக்கள் குறைந்தன. செலவில்லாத மாற்றம்! மேல்மாடி என்ற சொல்லைப் படித்தபோது நமக்கு வேறொரு மேல்மாடி நினைவுக்கு வந்தது.

நாளேட்டில் அச்சாகும் வெப்பநிலை எங்கே அளக்கப்படுகிறது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டோ? வெள்ளைச் சாயம் பூசிய, காற்றுப் புகும் மரப்பெட்டிக்குள், ஆள் உயரத்தில், திறந்த வெளியில் தொங்கும் வெப்பமானி காட்டும் அளவு அது. சென்னைக்கு நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளப்பார்கள். கிழக்கிந்தியக் கும்பினி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானாய்வகத்தின் வழிவந்த பழம்பெரும் நிலையம் முதலாவது. 2003 மே 31-இல் அங்கே பதிவான 45 பாகை சென்னையின் உச்சம். இவ்வளவுகள் தேவை, மதிக்கத்தக்கவை. ஆனால் வெப்பமானி வாழும் வீட்டில் மனிதர் வாழ்வதில்லை. நிழலில் 38 பாகை காட்டும் நாளில் தார்ச்சாலையில் கால் வைப்பவருக்கும், தகரக் கூரையின்கீழ் அடுப்பு மூட்டுகிறவருக்கும், மூடிய கண்டெய்னருக்குள் புகுந்து மூட்டை அடுக்குகிறவருக்கும் அந்த 38 பொருளற்ற எண். ஊர் முழுவதற்கும் வெயில் ஒன்றே என்பது தோற்றம். யார் எங்கே நிற்கிறார், எந்த நேரத்தில், எத்தனை மணி, எழுந்து போக அவருக்கு உரிமை உண்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு பொல்லாப்பு, ஈரம். வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை. அது உலர்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், உலராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே 35 பாகை காட்டும் நிலையில் நல்ல உடல்நலமுள்ளவரும் நிழலில் அமர்ந்து சில மணி நேரமே தாங்குவார் என்பர். அதற்குப் பல பாகை முன்னதாகவே முதியோரும் நோயாளரும் வீழ்வர். 2024 அக்டோபர் 6-ஆம் நாள் மெரினாக் கடற்கரையில் விமானப்படையின் வான்சாகசம் காண இலட்சக்கணக்கானோர் முற்பகல் முழுவதும் வெட்டவெளியில் நின்றார்கள். ஐவர் இறந்தனர். அது கோடை அன்று. கடலோரத்துக்கு வெப்ப அலை என அறிவிப்பதற்கு வானிலைத்துறை வைத்திருக்கும் 37 பாகை என்னும் கோட்டைக் கடந்த நாளும் அன்று. ஈரம், கூட்டம், நிழலின்மை, குடிநீருக்கும் வெளியேறுவதற்கும் வழியின்மை, இவை கூடின. கடலுக்கு அவ்வளவு அருகில் நின்றும் அவர்களுக்குக் கடற்காற்று உதவவில்லை. (சென்னையைக் காப்பது நண்பகலில் வரும் அக்காற்றே. மேல்காற்று வலுத்து அதைத் தடுத்து நிறுத்தும் நாள்களில்தான் நகரம் நாற்பதைத் தாண்டுகிறது. இதை நமக்கு முதலில் சொன்னவர் படிப்பறிவில்லாத படகோட்டி ஒருவர்.)

அந்நிகழ்வுக்குப் பிறகு, அதே மாதத்தில், தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல செயல். ஆனால் வெயிலால் இறந்தார் என்று யாரேனும் எழுத வேண்டும் அல்லவா? மூதாட்டியின் மகன் நம்மிடம் கேட்டான். அவன் தாய் இறந்தது 2023-இல். அறிவிப்பு அதற்குப் பின். பணம் வராது என்று நாம் சொல்லு முன்பே அவன் குறுக்கிட்டான்: "பணத்துக்குக் கேட்கவில்லை, ஃபாதர். பேப்பரில் சரியாக எழுதி வைக்க முடியுமா என்று கேட்கிறேன்." அதற்கும் நம்மிடம் விடையில்லை. பங்கின் இறப்புப் பதிவேட்டில் காரணம் எழுத ஒரு பத்தி உண்டு. நாமே எழுதிய 'முதுமை' என்ற சொல் அங்கே இருந்தது. அதை அடித்துவிட்டு ஓரத்தில் 'கோடை வெப்பம்' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அது எந்த அலுவலகத்திலும் செல்லாது. மகன் அதைப் பார்த்துவிட்டுப் போனான்.

மறைமாவட்ட நூலகத்தில் சிகாகோ நகரைப் பற்றிய ஒரு நூல் கிடைத்தது. 1995 ஜூலையில் அந்நகரைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்துக்கு மேலாக 739 பேர் இறந்தனர். எரிக் கிளைனன்பெர்க் என்னும் சமூகவியலார் அம்மரணங்களை ஆராய்ந்து 2002-இல் எழுதியது. செல்வமிக்க நாட்டில் அத்தனைபேர் எப்படி இறந்தார்கள்? பலர் தனியே வாழ்ந்த முதியோர். திருட்டுக்கு அஞ்சிச் சன்னலை மூடி வைத்தவர்கள். இவ்வரியைப் படித்ததும் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே உலவி வந்தோம். பின்னும் வியப்பானது ஒன்று: வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என அடுத்தடுத்த இரு பகுதிகள், ஒரே வெயில், வறுமையும் தனித்து வாழும் முதியோர் விகிதமும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் முதலாவதில் இறப்பு விகிதம் மற்றதைப் போல் பத்து மடங்கு. தெற்கே தெருவில் கடைகள் இருந்தன, ஆள் நடமாட்டம் இருந்தது, கிழவர்கள் அஞ்சாமல் கதவைத் திறந்து கீழே இறங்கினார்கள். கோவில்களும் அவர்களைத் தேடிப் போயின. வடக்கே தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. அண்டை அயலார் இருப்பது ஒரு வகை நிழல் போலும். ஏரிக்கரையில் அம்மூதாட்டி ஒருநாள் காலையில் கோவில் சுவரோரம் வரவில்லையென்றால் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். நான்காம் மாடியில் யார் கேட்பார்?

ஏரித்தொழிலில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை ஒருவரே ஆண்டு அனுபவிக்காதபடி சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். பாட்டுரிமை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் நீரில் தவழ்ந்து, பல்லால் கவ்விய ஓலைப்பறியில் கையால் இறால் தடவிப் போடும் காட்சியைப் பார்த்தவர்கள் பாட்டு முறையை முற்றிலும் நீதி என்று சொல்ல மாட்டார்கள். இருந்தும் நல்ல இடம் எல்லார்க்கும் முறைப்படி வர வேண்டும் என்ற எண்ணமாவது அதில் உண்டு. நகரத்தில் நிழலுக்குப் பாடு இல்லை. நிழல் உள்ளவருக்கு ஆண்டு முழுதும் நிழல். வெயில் உள்ளவருக்கு வாழ்நாள் முழுதும் வெயில்.

நேரத்தையும் அப்படியே சொல்லலாம். நம் மீனவர் விடியுமுன் வலையெடுத்துப் போய் வெயில் ஏறுமுன் கரை சேர்வர். உச்சிப்பொழுதில் கொட்டகையில் படுத்துறங்கி, இறங்கு வெயிலில் வலை பழுது பார்ப்பர். ஞாயிற்றைப் பார்த்து நாளை வகுத்தவர்கள். கிடங்கிலோ சங்கு ஊதினால் தொடக்கம், சங்கு ஊதினால் முடிவு. திராட்சைத் தோட்ட உவமையில், பகலெல்லாம் வெயிலைத் தாங்கிய வேலையாள்களின் முணுமுணுப்பைப் பொறாமை என்றே நாம் மறையுரைகளில் விளக்கி வந்திருக்கிறோம். அவர்கள் தாங்கிய வெயிலைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. கடைகளில் நின்றே வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. உணவும் பொருளும் வீடு சேர்க்கும் இளைஞர்கள் இளைப்பாறச் சென்னை மாநகராட்சி 2025-இல் குளிரூட்டிய அறைகள் திறந்தது. சிறு அடிகள்தாம். எனினும் வெயிலில் நிற்கிறவரைக் கண் ஏறெடுத்துப் பார்த்த அடிகள்.

இறைவாக்கினர் யோனாவின் நூலில் இறுதி அதிகாரத்தை நாம் இப்போது வேறு விதமாகப் படிக்கிறோம். நினிவே அழியவில்லையே என்ற கோபத்தில் நகருக்கு வெளியே பந்தல் போட்டு அமர்ந்த யோனாவுக்கு ஆண்டவர் ஓர் ஆமணக்குச் செடியால் நிழல் தருகிறார். மறுநாள் புழு அரித்துச் செடி வாடுகிறது. கீழைக் காற்றும் வெயிலும் தலையில் தாக்க, யோனா சாவை வேண்டுகிறார். தன் நிழல் போனதற்கு அத்தனை வருத்தம். உள்ளே ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேர் வாழும் நகரைப் பற்றி வருத்தமில்லை. குருமடத்தில் இப்பகுதியை இறை இரக்கம் என்ற தலைப்பில் பயின்றோம். செடியைப் பற்றிய தேர்வுக்கேள்வி ஒன்றும் வந்ததாக நினைவில்லை. யோனாவாவது தம் செடி வாடியதற்கு வருந்தினார். நாம் பிறர் நிழலை வெட்டிவிட்டு ஓடு பதித்தோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் படைப்பைப் பேணுவது குறித்து எழுதிய திருமடல் வெளிவந்தபோது, முன்பிருந்த பங்கில் அதைப்பற்றித் தொடர்ந்து நான்கு ஞாயிறுகள் மறையுரை ஆற்றியவர்கள் நாமே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது பங்கில் சில மாற்றங்கள். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையை உச்சிவேளையில் நடத்துவதில்லை, விடியற்காலையில் நடத்துகிறோம். தவமுயற்சி குறைந்துவிட்டது என்று பெரியவர் சிலருக்கு மனக்குறை. அவர்கள் வீட்டிலிருந்து குடைபிடித்து வருகிறவர்கள்; உப்பளத்தைத் தாண்டிச் செருப்பின்றி நடந்து வருகிறவர்கள் குறை சொல்லவில்லை. மறைக்கல்வி மன்றத்தின் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சித்திரை பிறந்ததும் கோவில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் உண்டு; மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல். பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம் பங்கு மக்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பம் இருக்கும். அவர்களுள் தனித்திருக்கும் முதியோர் பெயர்களை எழுதி வைத்து, கத்திரி நாள்களில் இளைஞர் இயக்கத்தார் பகலில் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார்கள். தண்ணீர் குடித்தீர்களா, சன்னல் திறந்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். சென்ற ஆண்டு இருவரை ஏரிக்கரைக்கே அழைத்து வந்துவிட்டோம். ஒருவர் வர மறுத்துவிட்டார். தண்ணீர் லாரிக்கு ஆள் வேண்டுமாம்.

முற்றத்து ஓட்டை இரண்டிடத்தில் பெயர்த்துப் பூவரசம் போத்து நட்டோம். ஒன்று துளிர்த்து ஆள் உயரம் வந்திருக்கிறது. மற்றது உப்புக் காற்றில் கருகியது, மீண்டும் நட்டிருக்கிறோம். நிழல் விழ இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அப்போது நாம் வேறு பங்கில் இருப்போம். இன்று காலை பூசை முடிந்து வெளியே வந்தபோது மீன்காரப் பெண்கள் நால்வர் மேற்குச் சுவரோரம் கூடையுடன் அமர்ந்திருந்தார்கள். பத்து மணிக்குப் பார்த்தோம், சுவரை நெருங்கியிருந்தார்கள். பதினொன்றரைக்குக் கால்களை மடக்கிக்கொண்டு முதுகைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மன்றத்தின் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் சாமி என்று தயங்கினார்கள். ஒட்டட்டும் என்றோம்.